எனக்கு இருக்கா என்று கேட்ட எடைமேடை

சிரிப்பு வரும். விலாவைப் பிடித்துக்கொண்டு உருளுகிற மாதிரி ஒரு சிரிப்பை இந்தக் கதையின் வாலில் கட்டி வைத்திருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இப்போதே கொடு என்று கையை நீட்டினால் கிடைக்காது, ஏனென்றால் ஏமாற வேண்டியவர் இன்னும் கோயம்புத்தூர் பஸ்ஸைவிட்டு இறங்கவே இல்லை, அவர் இறங்கி, பெட்டியை வைத்து, முகம் கழுவி, ஏமாந்து, ஏமாந்தது தெரியாமல் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான். அதுவரைக்கும் உப்பைப் பற்றிப் பேசுவோம்.

சிப்பிக்கரையில் மண்ணைவிட உப்பு அதிகம், உப்பைவிட வாய் அதிகம், வாயைவிடப் பெருமை அதிகம், அந்தப் பெருமையெல்லாம் சேர்ந்து குடியிருந்த இடம் ஊர்க்கோடியில் இருந்த எடைமேடை. அது உப்பளப் பெண்கள் சங்கத்துச் சொந்த மேடை. லாரி ஏறி நின்றால், பக்கத்து அறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒரு இருமல் இருமி, உப்பின் எடையை ஒரு பொட்டுக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிடும். மெயின் ரோட்டில் ஒரு தனியார் மேடையும் இருந்தது. அங்கே ஏறுகிற உப்பு ஏறும்போதே காய்ச்சல்காரனைப் போல இளைத்துவிடும். அதனால் சங்கத்துத் தலைவி சந்தனமாரி ஆயுதபூஜைக்கு எல்லாருக்கும் முந்தி அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் சந்தனம் வைப்பாள், நெற்றி எது என்று தெரியாததால் நாலு பக்கமும் வைப்பாள்.

அந்தக் கம்ப்யூட்டர்தான் ஒருநாள் இருமாமல் நின்றுபோயிற்று. உள்ளே சுழலுகிற டிஸ்க் உப்புக்காற்றில் அரித்துச் செத்துவிட்டது. புதுசு வாங்கிவிடலாமே என்றால் முடியாது, எடையை வாங்கிச் சொல்லுகிற அட்டை மாட்டுப்பல் மாதிரி நீளம், இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் எதற்கும் அதைக் கடிக்கிற வாய் இல்லை. மழை இறங்குவதற்குள் அம்பாரம் அம்பாரமாகக் குவித்த உப்பு லாரி ஏறியாக வேண்டும். மெஷின் எழுந்திருக்கவில்லை என்றால் அத்தனையும் மெயின் ரோட்டு மேடைக்குப் போய் இளைக்கும். அதனால்தான், பழைய மெஷின்களை எழுப்பிவிடுவதில் மன்னர் என்று பெயர் வாங்கிய சத்தியகீர்த்தி கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்கப்பட்டார்.

இதோ, பஸ் வந்துவிட்டது. இறங்குகிறார்.

இறங்கியதும் ஊரே பார்க்க அறைக்குள் போனார், கம்ப்யூட்டரின் முகத்தில் ஒட்டியிருந்த லேபிளை ஒரே ஒரு தடவை பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"டி.எக்ஸ். கணக்குப் போடறதுக்குன்னே உள்ளார தனியா ஒரு மூளை இருக்கற சில்லுங். மூடியெல்லாம் கழட்டிப் பாக்கற பழக்கமே நம்மகிட்ட இல்லீங். மூஞ்சியப் பாத்தாப் போதும்."

"அடேயப்பா" என்றது ஊர். பெருமையில் தனக்குச் சமமாக ஒரு ஆள் வந்து இறங்கிவிட்டதில் ஊருக்கு ஒரே சந்தோஷம்.

அவர் செய்ய வந்த வேலை, டிஸ்கோடு சேர்ந்து செத்துப்போன கெர்னலைப் புதிதாகக் கட்டுவது. கம்ப்யூட்டர் கண் விழித்ததும் உள்ளே முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் எழுப்புகிறது எதுவோ அதற்குப் பெயர் கெர்னல். ஆனால் பிறந்த குழந்தையைப் போல அதற்குத் தன் உடம்பு தெரியாது. கை இருக்கிறதா, காது இருக்கிறதா என்று கட்டுகிறவர்தான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேள்விகள் வரிசையாக வரும். இருக்கு என்று சொல்லலாம், இல்லை என்று சொல்லலாம், கூப்பிட்டால் வரும் என்றும் சொல்லலாம். எப்போதாவது தேவைப்படுகிற உறுப்பை எந்நேரமும் சுமந்துகொண்டிருக்க வேண்டாம், வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம். இந்த மெஷினின் நினைவோ கைக்குட்டை அளவு. அதற்குள் மடித்து வைக்க, இல்லாததை எல்லாம் இல்லை என்று சொல்லிச் சொல்லித்தான் கெர்னலை இளைக்க வைக்க வேண்டும்.

சத்தியகீர்த்தி பிளாப்பியைச் செருகினார், தன் லேப்டாப்பிலிருந்து ஒரு ஒயரை இழுத்து மாட்டினார், பொத்தானை அமுக்கினார். மெஷின் விழித்தது, முதல் கேள்வியைக் கேட்டது, அதை டீக்கடை இசக்கிராசா அண்ணாச்சியின் குரலில் கேட்டது.

"எனக்குப் பிரிண்டரு இருக்கா, என்னா ஏதுன்னு வெரசாச் சொல்லும் வே, அடுப்புல பாலு கெடக்கு."

எதிர்க்கடையில் பால் ஆற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி தலையை நீட்டினார். தெருவைத் தாண்டி வந்தார், அறை வாசலில் நின்று ஒரு தடவை கேட்டார், "எங்குரலுதான், சரியாத்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டுப் பால் பொங்கிவிடும் என்று திரும்பிப் போனார். இரண்டாவது கேள்வியை மெஷின் மாதாகோயில் உபதேசியாரின் குரலில், ஆமென் போடுகிற இழுப்போடு கேட்டது. அந்த மெஷினுக்கு ஸ்பீக்கர் கிடையாது, ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய ஒயரை எலி எப்போதோ தின்றுவிட்டது, அதைப் பற்றி ஊரில் ஒருத்தரும் கவலைப்படவில்லை. அவர்கள் கவலை வேறு.

"நம்ம குரல்ல எப்ப கேக்கும்?"

மறுநாளே அறைக்கு முன்னால் பந்தல் போட்டாயிற்று. வலைக்காரர்கள் வந்தார்கள், பாத்தி மிதிக்கிற பெண்கள் கஞ்சித்தூக்கோடு வந்தார்கள், லாரி டிரைவர்கள் ஸ்டூல் போட்டுக் குந்தினார்கள். யார் குரலில் மெஷின் கேட்டதோ அவர் பந்தலுக்கே சுக்குக்காப்பி கொடுக்க வேண்டும் என்று ஒரு முறை தானாக ஏற்பட்டது. குரல் வராதவர்களின் வீட்டில் உலை வைக்கவில்லை. தபால்காரர் தொண்டையைச் செருமிச் செருமிப் பந்தலைச் சுற்றி நடந்தார், மெஷினுக்குத் தன் குரல் மறந்துபோயிருக்கலாம் என்பது அவர் எண்ணம். பொங்கலிலிருந்து பேசிக்கொள்ளாத ஒரு புருஷன் பெண்டாட்டியின் குரலில் மெஷின் ஒரே கேள்வியை ஆளுக்குப் பாதியாகக் கேட்டுவைத்தது; காப்பியைச் சேர்ந்துதான் போட வேண்டும் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட, அவர்கள் அடுப்படியில் சர்க்கரை எவ்வளவு என்று பேச ஆரம்பித்து இன்னும் நிறுத்தவில்லை. பதில்களும் ஊருக்குள் இறங்கிவிட்டன. பெண் பார்க்க வந்தவர்களிடம் "மாப்பிளைக்குக் குடிப்பழக்கம் உண்டுமா?" என்று கேட்டதற்குத் தரகர் கூசாமல், "கூப்பிட்டா வரும்" என்றார்.

இத்தனை பேர் குரலும் வந்தது, ஒரே ஒருத்தி குரல் மட்டும் வரவில்லை. அவள்தான் வடிவு, சந்தனமாரியின் மகள், பன்னிரண்டாம் வகுப்பு. ஊரில் அவளுக்கு வாய் வடிவு என்று பெயர். கண்டக்டரைப் போல விசிலடித்து, போகிற பஸ்ஸை நிறுத்துவாள், ஹெட்மாஸ்டரின் குரலில் ஸ்கூலுக்கு லீவு விடுவாள், அண்ணாச்சியின் குரலில் அண்ணாச்சி வீட்டம்மாளிடம் மன்னிப்புக் கேட்டு அண்ணாச்சியையே மாட்டிவிடுவாள். ஊர்க் குரல் எல்லாம் அவள் தொண்டைக்குள் இருந்தது. மெஷின் மட்டும் அவளைச் சீண்டவே இல்லை. பந்தலின் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வி வரும்போதும் கழுத்தை நீட்டுவாள். உப்பு லாரி கிளீனரின் குரல்கூட வந்தது, அவள் குரல் வரவில்லை.

"ஒனக்குன்னு கொரலு எங்கட்டி இருக்கு, கேக்கதுக்கு?" என்றாள் பக்கத்தில் இருந்த ஒரு சித்தி. வடிவு சிரித்தாள். சிரித்துவிட்டு உப்பளத்துப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றாள், தன் குரல் எப்படி இருக்கும் என்று சொல்லிப் பார்த்தாள், அது ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் குரலாகவே வந்தது.

சத்தியகீர்த்தியின் பாடு வேறு மாதிரி. முதல் நாள் திரையைப் பார்த்தார், இரண்டாம் நாள் மேஜைக்கடியில் பார்த்தார், அடுத்த நாள் பெட்டியைக் கட்டிவிட்டார்.

"ஸ்பீக்கரே இல்லாத மெஷின் பேசுதுன்னா ஒண்ணு அதுக்குக் கெட்டுப்போச்சு, இல்ல எனக்குக் கெட்டுப்போச்சு. ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் ஊருக்குப் போறனுங்."

தூரத்தில் வடகிழக்கில் மேகம் ஒரு கொத்து நின்றது. சந்தனமாரியின் கண்ணுக்கு முன்னால் ஊர் உப்பு அத்தனையும் மெயின் ரோட்டு மேடையில் ஏறி எலும்பும் தோலுமாக இறங்கியது. அப்போது முதல் வரிசையில் இருந்து வடிவு எழுந்தாள்.

"சார், மன்னிச்சிருங்க. அது நான்தான்."

"எது?"

"அந்தக் குரலெல்லாம். நான்தான் சார் பண்ணுனேன்." உடனே உபதேசியாராக ஒரு ஆமென், அண்ணாச்சியாக ஒரு "வே", கடைசியில் சத்தியகீர்த்தியாகவே ஒரு "மூடியெல்லாம் கழட்டற பழக்கமே இல்லீங்."

சத்தியகீர்த்தியின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. பெட்டியைக் கீழே வைத்தார். "நெனச்சேன்! மொத நாளே நெனச்சேன், எவனோ மிமிக்ரி பண்றான்னு. நம்மள ஏமாத்த முடியுமாங்?" என்று நெஞ்சை நிமிர்த்தினார். ஏமாறாத மனிதர் என்ற பெருமையோடு ஒருத்தர் ஏமாறுவதைச் சிப்பிக்கரை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தது.

பந்தலுக்குப் பின்னால் சந்தனமாரி மகளின் காதைப் பிடித்தாள். "மெஷினு பேச்ச ஒம்பேச்சுன்னு சொல்லுதியே, வெக்கமா இல்ல? ஊருப் பெருமைட்டி அது!"

"எம்மா, காத விடு. மெஷினுதான் பேசுதுன்னா அவரு இருப்பாரா? பொட்டியப் பாத்தேல்ல? வேல முடியட்டும், பெருமைய அப்பொறம் பேசிக்கிடலாம். யாரும் வாயத் தொறக்கப்படாது."

சிப்பிக்கரையிடம் போய் வாயைத் திறக்காதே என்று சொல்வது கடலிடம் போய் நனைக்காதே என்று சொல்வது மாதிரி. ஆனாலும் உப்புக்காக ஊர் பல்லைக் கடித்துக்கொண்டது. அண்ணாச்சி காப்பி கொடுக்கும்போது, "மொதக் கேள்வியே எங்குர..." என்று ஆரம்பித்து, "எங்குர... எங்க குரங்கு ஒண்ணு காணாமப் போச்சு சார்" என்று முடித்தார். இல்லாத குரங்கை சத்தியகீர்த்தி இரண்டு நாள் விசாரித்தார்.

வடிவுக்கோ அன்றிலிருந்து முழுநேர வேலை. மெஷின் எப்போது வாயைத் திறக்கும் என்று தெரியாது, அது திறக்கும்போது அவள் அவர் கண்ணில் படக்கூடாது. அறைக்குப் பின்னால் உப்பு மூடுகிற நீலத் தார்ப்பாய் தொங்கியது, அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள், கூடவே ஒரு வெள்ளாடும் இருக்கும், தார்ப்பாய் அசைந்தால் அவர் பெருமையாகச் சிரிப்பார். "நடத்து அம்மிணி, நடத்து. பெரிய ஆளா வருவ நீ." குரல் வருகிறது என்று பயந்தவர், குரலுக்குப் பதில் சொல்லவே பழகிவிட்டார். எனக்கு விளையாடுற ஜாய்ஸ்டிக் இருக்கா என்று கிளீனர் குரல் கேட்டால், "உனக்கு எதுக்குடா வெளையாட்டு, இல்ல" என்பார். எனக்குப் பாடுற அட்டை இருக்கா என்று கோயில் பாட்டுக்காரியின் குரல் கேட்டால், "இல்ல, ஆனா உன்ர தொண்டை போதும் அம்மிணி" என்பார், தார்ப்பாய்க்குப் பின்னால் வடிவு ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, யாருக்கோ கிடைத்த பாராட்டை வாங்கி வைத்துக்கொள்வாள்.

இப்படியே போய் அந்தக் கேள்வி வந்தது. சந்தனமாரியின் குரலில் வந்தது.

"கணக்குப் போட எனக்குத் தனியா மூளை இருக்காய்யா? இல்லன்னா நானே மனசுக்குள்ள போட்டுக்கிடட்டுமா?"

"இருக்கு. மனசுல எல்லாம் போட வேண்டாம்" என்றார் சத்தியகீர்த்தி, லேபிளைக்கூடப் பார்க்காமல்.

கெர்னலைக் கட்டினார். மெஷின் எழுந்தது, பிரிண்டரை எழுப்பியது, எடை அட்டையை எழுப்பியது, ஒரு லாரியை மேடையில் ஏற்றி நிறுத்தினார்கள், கணக்கு வந்த இடத்தில் மெஷின் அப்படியே நின்றுபோயிற்று. ஒயரை மாற்றினார், நின்றது. பிளாப்பியைத் துடைத்துச் செருகினார், நின்றது. மற்ற பதில்களை எல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார், அந்த ஒரு பதிலை மட்டும் தொடவில்லை, ஊருக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்ன பதில் அல்லவா அது. மேகம் கொத்தாக இருந்தது இப்போது கூடையாக ஆகியிருந்தது. பெண்கள் அம்பாரங்களுக்கு ஓலை வேய ஆரம்பித்திருந்தார்கள்.

இந்த நேரம் பார்த்து வடிவுக்குத் தூத்துக்குடியில் செய்முறைப் பரீட்சை.

"நான் தார்ப்பாய்க்குப் பின்னாலதான் இருக்கேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் போய்விட்டாள். ஊர் ஆட்டைக் கட்டிவைத்தது. ஆடு தார்ப்பாயை அசைத்தது.

மெஷின் அன்றைக்குக் கேட்டது ஒரே கேள்வி. அதை உபதேசியார் குரலில் கேட்டது, தபால்காரரின் குரலில் கேட்டது, தபால்காரர் அழுதேவிட்டார், பேசிக்கொள்ளாமல் இருந்து பேசத் தொடங்கிய தம்பதியின் குரலில் கேட்டது. எனக்குக் கணக்கு மூளை இருக்கா, இருக்கா, நெசமாவே இருக்கா? சத்தியகீர்த்திக்கு முகம் சிவந்தது. "அம்மிணி, வெளையாட்டு போதும்!" என்று தார்ப்பாயைப் பார்த்துக் கத்தினார். ஆடு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு மெஷின் வேறொரு குரலில் கேட்டது. அது யாருடைய சாயலும் இல்லாத குரல், கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் பயந்த மாதிரி, ஆனால் நேராக.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு அது இருக்கான்னு நீங்க பாத்தீங்களா?"

ஊர் கேட்டிருந்தால் சத்தியகீர்த்தி வீம்பு பிடித்திருப்பார், மெஷின் கேட்கிறது என்று தெரிந்திருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பார், கேட்பது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்றல்லவா நினைத்திருந்தார். ஒரு சின்னப் பிள்ளைக்கு முன்னால் தோற்றுப்போவதில் பெரிய மனிதருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? ஸ்குரூடிரைவரை எடுத்தார். துருவும் சந்தனமும் அப்பிக் கிடந்த மூடியைக் கழற்றினார். உள்ளே குனிந்தார். லேபிள் ஒன்று சொல்ல, சில்லு வேறொன்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது: எஸ்.எக்ஸ். எந்தக் காலத்திலோ யாரோ மாற்றிப் போட்டது. தனி மூளை கிடையாது.

"இல்ல அம்மிணி" என்றார், சிரித்துக்கொண்டே, ஊர் முழுக்கக் கேட்கும்படி. "நான் பாக்கல. உனக்கு அது இல்ல. நீ மனசுக்குள்ளயே போட்டுக்க."

அண்ணாச்சி ஊற்றிய காப்பி ஆறுவதற்குள் லேப்டாப்பில் கெர்னல் கட்டி ஒயர் வழியாக இந்தப் பக்கம் வந்துவிட்டது. மெஷின் எழுந்தது. லாரி ஏறியது. மெஷின் ஒரு கணம் யோசித்தது, விரல்விட்டு எண்ணுகிறவர்களைப் போல, பிறகு இருமியது. பிரிண்டர் கரகரவென்று எடையை அடித்துத் துப்பியது, சந்தனமாரி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பெண்கள் போட்ட குலவையில் உப்பளத்து நாரைகள் மொத்தமாக எழும்பிப் போய் வேறு பாத்தியில் இறங்கின. அதற்கப்புறம் லாரிகள் வரிசை கட்டின, ஒரு உப்பும் இளைக்கவில்லை.

வடிவு சாயங்கால பஸ்ஸைவிட்டு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி, பாத்தி வரப்பு வழியாகக் குனிந்து ஓடிவந்து, பரீட்சை அட்டையோடு தார்ப்பாய்க்குப் பின்னால் புகுந்து ஆட்டுக்குப் பக்கத்தில் உட்காரவும், சத்தியகீர்த்தி தார்ப்பாயை விலக்கவும் சரியாக இருந்தது. பின்னாலேயே ஊரும் வந்து நின்றது.

"அம்மிணி! ஜெயிச்சுட்டம்!" அவர் கையில் அவளுக்கென்று ஒரு டம்ளர் காப்பி. "இத்தன மெஷின் எழுப்பியிருக்கேன், இந்த மாதிரி ஒண்ண எழுப்புனதில்ல. எல்லாம் உன்னாலதான். ஊருச்சனம் குரல்ல நீ மாத்தி மாத்திக் கேட்டப்ப எனக்குக் கோவந்தான் வந்துது. கடைசியா உன்ர சொந்தக் குரல்ல, ஒரு வேஷமும் கட்டாம, தப்பா நெனச்சுக்காதீங்க சார்னு கேட்ட பாரு, அப்பத்தான் ஸ்குரூடிரைவரையே தொட்டேன்."

வடிவின் கையிலிருந்து பரீட்சை அட்டை நழுவியது.

"எங்குரல்லயா?"

"பின்ன?"

"எங்குரல்லயா கேட்டுச்சு?" எழுந்துவிட்டாள். "எம்மா! எம்மா, நெசமாவா? மெஷினு எங்குரல்ல கேட்டுச்சா? எப்படிம்மா இருந்துச்சு எங்குரலு? ஐயோ, இந்த நேரம் பாத்து நான் தூத்துக்குடில போயிக் கெடந்தேனே!"

"ஒங்குரலேதான்ட்டி, அச்சு அசலு!" என்று சந்தனமாரி கத்தினாள், மகளைக் கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான், பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஊர் பல்லை விட்டுவிட்டது. "மொதக் கேள்வி எங்குரலு சார்!" என்றார் அண்ணாச்சி. "ரெண்டாவது நான்" என்றார் உபதேசியார். "இன்னைக்குக் காலைல நான், நல்லாக் கேட்டீங்கல்ல?" என்றார் தபால்காரர். கிளீனர், பாட்டுக்காரி, புருஷன், பெண்டாட்டி, எல்லாரும் எல்லாரையும்விடச் சத்தமாக.

சத்தியகீர்த்தி சிரித்தபடியேதான் நின்றார். அவருடைய பார்வை மட்டும் வடிவின் யூனிபாரத்துக்குப் போயிற்று, கீழே கிடந்த அட்டைக்குப் போயிற்று, அசைபோட்டுக்கொண்டிருந்த ஆட்டுக்குப் போயிற்று, அங்கே கொஞ்ச நேரம் தங்கியது. சிரிப்பு அவர் முகத்திலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. டம்ளரை வடிவின் கையில் கொடுத்தார். அறைப் பக்கம் நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். உள்ளே போய், மூடி திறந்தபடி கிடந்த மெஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, இந்தத் தடவை முன்பக்கமாகக் கட்டிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்:

"இத்தன நாளும்... நீங்களாங்?"